சில நேரங்களில் சில மனிதர்கள் (1977): பேர் எல்லாருக்கும் தெரியும், படத்தைப் பார்த்தவங்க எத்தனை பேர்?

மேலவீதி:
இந்தப் பேரை யூடியூபில் போட்டுத் தேடினா 2022-ல் வந்த அசோக் செல்வன் படம்தான் வரிசையா வந்து நிக்குது. அந்தப் படத்து மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. ஆனா பீம்சிங் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பத்திப் பேச ஆளே கிடைக்க மாட்டேங்குது. ‘லட்சுமிக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம்’னு ஒரு வரி, அதோட சரி. விருதுப் பட்டியல்ல இடம் கிடைச்சதாலேயே யாரும் பார்க்காம விட்ட படம்னு தோணுது.

தெரியாதவங்களுக்காக முன்கதை. 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’னு ஒரு சிறுகதை எழுதினார். மழையில பஸ்ஸுக்கு நிக்கிற கல்லூரிப் பொண்ணு, கார்ல வந்த யாரோ ஒருத்தன், அப்புறம் நடந்தது. வீட்டுக்கு வந்து அழற பொண்ணை அம்மா முதல்ல அடிக்கிறா. பிறகு தலையில தண்ணியை ஊத்தி, நீ சுத்தமாயிட்டேன்னு சொல்றா. ஊரே ரெண்டு பட்டுச்சு. எதிர்க்கதை எழுதினவங்ககூட உண்டு. அந்தச் சண்டை ஓயறதுக்குள்ள ஜெயகாந்தனே வேற கேள்வியை எடுத்துக்கிட்டார். அந்த அம்மா தண்ணி ஊத்தாம, நம்ம தெருவுல இருக்கிற எந்த அம்மாவையும் போல கத்தி ஊரைக் கூட்டியிருந்தா? அதுதான் நாவல். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’னு தொடரா வந்து, புத்தகமாகும்போது இந்தப் பேர் வாங்கிச்சு. 1972-ல் சாகித்ய அகாதமி விருது. 1977-ல் அவரே திரைக்கதை, வசனம் எழுத, பீம்சிங் இயக்கத்தில் படம்.

என்னை இழுக்கிற இடம் இதுதான். சிறுகதைக்கு மறுப்பா நாவல் வருது. அந்த நாவலுக்குள்ளேயே, அதோட நாயகி கங்கா ஒரு பத்திரிகையில கதை படிக்கிறா. படிச்சா அது அவ கதை. ஆனா கதையில வர்ற அம்மா நல்லவளா இருக்கா. எழுதினது ஆர்.கே.வி.ங்கிற எழுத்தாளர். அவரைத் தேடிப் போறா. அதாவது தான் எழுதின ‘அக்கினிப் பிரவேச’த்தையே நாவலுக்குள்ள வச்சு, அதன் நாயகியை விட்டே எழுத்தாளனைக் கேள்வி கேட்க வச்சிருக்கார் மனுஷன். படத்துல அந்த ஆர்.கே.வி. யாரு தெரியுமா? நாகேஷ்!

பார்த்தவங்க சொல்லுங்க. பார்க்காதவங்க பாருங்க.

டூரிங்டாக்கீஸ்:
அண்ணே, இது பாலசந்தர் படம் இல்லையா? இவ்வளவு நாளா அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன்.

மேலவீதி:
இல்ல தம்பி, பீம்சிங். பாசமலர், பாவமன்னிப்பு, பாலும் பழமும் எடுத்த அதே பீம்சிங். பாலசந்தருக்கு அதே 1977-ல் ‘அவர்கள்’ வந்துச்சு. ரெண்டுலயும் வேலைக்குப் போற பொண்ணு, ஊர்வாய்ன்னு வர்றதால குழம்பியிருப்பே.

ஈசிச்சேர்:
சினிமா ரசிகர்களை விட இலக்கிய வாசகர்கள் தூக்கிப் பிடிக்கிற படம் இது. அப்பவே பார்த்தேன். ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பேசுறாங்க. ஒருத்தர் பேசி முடிச்சதும் இன்னொருத்தர் ஆரம்பிக்கிறார். காமிரா பாவம், யார் பேசுறாங்களோ அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது. நாவலைப் படிச்சாச்சுன்னா படம் எதுக்கு? அதே வருஷம் ‘16 வயதினிலே’ வந்துச்சு. மைதானம், வெயில், சப்பாணி நடை. சினிமான்னா அது. ஜனங்க எதை ஞாபகம் வச்சிக்கிட்டாங்கன்னு பாருங்க.

மேலவீதி:
நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு சார். 1977-னு சொன்னாலே ‘16 வயதினிலே’ன்னு எழுதி எழுதி, மத்ததெல்லாம் அதுக்கு முந்தின காலம்னு ஆயிடுச்சு. காமிரா ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்ததுதான் நவீனம். வீட்டுக்குள்ள நாலு பேர் உட்கார்ந்து பேசினா பழசு! ஆனா அந்த நாலு பேர் என்ன பேசுறாங்கன்னு பாருங்க. சொந்த மாமா மருமகளைப் பார்க்கிற பார்வையை 1977-ல் வேற எந்தப் படம் வீட்டுக் கூடத்துல உட்கார வச்சுக் காட்டிச்சு?

அந்த வருஷம் நாவல்கள் படமாறதுக்கே ஒரு நல்ல வருஷம், அதையும் யாரும் சொல்றதில்ல. மகரிஷியின் ‘புவனா ஒரு கேள்விக்குறி’, சுஜாதாவின் ‘காயத்ரி’, அப்புறம் இது. மூணுமே ஒரே வருஷம்.

பழைய_புத்தகக்கடை:
புவனாவும் காயத்ரியும் ரஜினி இருக்கிறதால ஞாபகத்துல இருக்கு. இதுல ஸ்ரீகாந்த். அவ்வளவுதான் விஷயம்.

ரேவதி_திருச்சி:
நான் நாவலை முதலில் படித்தேன், பல வருடம் கழித்துத்தான் படம். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாவல் கங்கா சொல்கிற கதை. அவள் தலைக்குள் உட்கார்ந்து படிக்கிறோம். பஸ்ஸில் இடிக்கிற ஆண்கள், ஆபீஸ், அம்மா, அண்ணன் கணேசன், வெங்கு மாமா, எல்லாரையும் அவள் அலுப்போடும் எகத்தாளத்தோடும் அளக்கிறாள். அந்த எகத்தாளம்தான் நாவலின் உயிர். படத்தில் தலைக்குள் போக வழியில்லை. அப்போது லட்சுமி என்ன செய்கிறார் என்று கவனித்தால்தான் அந்த விருது எதற்கு என்று புரியும். அழ வேண்டிய இடங்களில் அழுவதில்லை. எதிராளி பேசும்போது கேட்கிறார், கேட்டுக்கொண்டே முடிவெடுக்கிறார். அது முகத்தில் தெரிகிறது. நாவலில் ஒரு பக்கம் ஓடுகிற எண்ணம் இங்கே ஒரு நிமிர்ந்த பார்வையில் முடிந்துவிடுகிறது. ‘ஜூலி’, ‘சட்டக்காரி’ படங்களை லட்சுமி செய்து முடித்திருந்த நேரம் அது. இரண்டிலும் காதலித்து ஏமாந்து அழுகிற பெண். கங்கா அதற்கு நேர் எதிர். ஏமாந்தவள் என்று பேர் வாங்கியும் தன்னை அப்படி நினைத்துக்கொள்ளாதவள்.

அடுத்து வெங்கு மாமா. ஒய்.ஜி.பார்த்தசாரதி. மேடை நாடகக்காரர், யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழுவைத் தொடங்கியவர். வில்லன் முகமே இல்லை அவருக்கு. சாஸ்திரம் சொல்கிறார், சட்டம் சொல்கிறார், நாலு பேர் மதிக்கிற வக்கீல். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்தியபோது அழைத்துக்கொண்டு போய்ப் படிக்க வைத்தவரும் அவர்தான். அதனால் அவரை யாரும் எதுவும் சொல்ல முடியாது. உதவி செய்தவன் கையை எப்படி விலக்குவது? நிறைய வீடுகளில் இந்த மாமா இருந்தார். எங்கள் உறவிலும் ஒருவர் இருந்தார், அதற்குமேல் எழுத விரும்பவில்லை. படத்தில் அவர் வரும்போதெல்லாம் என் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அன்று காரில் வந்த பிரபுவிடம் கங்காவைத் தள்ளுவதே இந்த மாமாதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இவள் இனி ஒருவனுக்கு மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாட்டியாக இருக்கலாம். அப்படியே சாமர்த்தியம் இருந்தால் அன்றைக்கு வந்தவனைத் தேடிப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்பது அவருடைய தீர்ப்பு. அவள் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறாள்! நீங்கள் ஒட்டிய பேரை நானே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன், இப்போது என்ன செய்வீர்கள் என்று நிற்கிறாள். காதல் கதை என்று நினைத்துப் பார்த்தால் படம் பிடிபடாது. அது குடும்பத்தோடு அவள் போடுகிற வழக்கு.

கோவை_குசும்பன்:
ஏனுங் அக்கா, எல்லாம் சரிங். கெடுத்தவனையே தேடிப்போய் சிநேகம் புடிக்கறது இன்னைக்குப் பார்த்தா ஒரு மாதிரி இருக்குங்களே. நாளைக்கு இந்தக் கதையை எடுத்தா ட்விட்டர்ல விட்டு வெப்பாங்களா?

ரேவதி_திருச்சி:
உறுத்த வேண்டும், அது சரிதான். எனக்கும் உறுத்துகிறது. பிரபுவை ஜெயகாந்தன் கொஞ்சம் எளிதாக விட்டுவிட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன். பணக்கார வீட்டில் கெட்டுப்போன குழந்தை, அவனுக்கு எதுவும் தெரியாது, பாவம் என்று ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது. கங்காவுக்கு யார் சலுகை கொடுத்தார்கள்? பன்னிரண்டு வருடத் தண்டனையை அவள்தான் அனுபவித்தாள்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். அவன் அந்தச் சாயங்காலத்தை மறந்தே போயிருக்கிறான். இவளுடைய வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்த ஒரு மணி நேரம் அவனுக்கு நினைவில்கூட இல்லை. அதை அவள் தெரிந்துகொள்கிற இடம் எனக்கு மழை, கார் காட்சியை விடப் பயங்கரமானது. அதன்பிறகு வருகிற சிநேகத்தை மன்னிப்பு என்று நான் படிப்பதில்லை. இவ்வளவு அற்பமான ஒருவனுக்காகவா என் வீடு என்னைக் கொன்றது என்று அவள் அளந்து பார்க்கிறாள்.

ஈசிச்சேர்:
இதெல்லாம் நாவல்ல இருக்கு அம்மா. படத்துல இருக்கான்னுதான் என் கேள்வி.

நடுநிசிவாசகன்:
படத்துல இருக்கு. ஸ்ரீகாந்த் முகத்துல இருக்கு.

இதைக் கொஞ்சம் விரிக்கிறேன். ஸ்ரீகாந்த் ‘வெண்ணிற ஆடை’யில் 1965-ல் கதாநாயகனா வந்தவர். ஸ்ரீதர் படம், ஜெயலலிதாவுக்கு ஜோடி. அதுக்குப் பிறகு தமிழ் சினிமா அவரை என்ன பண்ணிச்சு? ‘தங்கப்பதக்கம்’ படத்துல சிவாஜிக்கு அடங்காத பிள்ளை. எழுபதுகளில் எத்தனையோ படத்துல பொண்ணுங்க கையைப் பிடிச்சு இழுக்கிற ஆளு. ஸ்ரீகாந்த் திரையில வந்தாலே அடுத்து என்ன நடக்கும்னு தரை டிக்கெட்டுக்குத் தெரியும். பீம்சிங் அந்தப் பழக்கத்தையே பிடிச்சுக்கிட்டார். மழையில நிக்கிற பொண்ணு முன்னாடி கார் வந்து நிக்கும்போது உள்ளே இருக்கிறது ஸ்ரீகாந்த்ன்னு தெரிஞ்சா ஜனங்களுக்கு வேற விளக்கமே தேவையில்ல. ஆனா அப்புறம் அதே ஆளை நடுத்தர வயசுல, பொண்டாட்டி மதிக்காத, வளர்ந்த பொண்ணு மஞ்சுவுக்கு முன்னாடி கூசுற, எதுக்கும் லாயக்கில்லாதவனா உட்கார வைக்கிறாங்க. நாம தயாரா வச்சிருந்த வெறுப்பைக் கொட்ட எடம் இல்லாம போயிடுது. நாவல் படிக்கிறவனுக்கு இந்த அனுபவம் கிடையாது, ஏன்னா அவன் மனசுல பிரபுவுக்கு முகம் இல்ல. இது சினிமா மட்டும் செய்யக்கூடிய வேலை. போதுமா ஈசிச்சேர் சார்?

லட்சுமிக்கு விருது கொடுத்தாங்க, சரி. ஸ்ரீகாந்துக்கு என்ன கொடுத்தாங்க? 2021-ல் அவர் இறந்தப்போ வந்த அஞ்சலிகள்ல ‘பழம்பெரும் வில்லன் நடிகர்’னுதான் பாதிப் பேர் எழுதினாங்க. வயித்தெரிச்சல்.

ஈசிச்சேர்:
ஸ்ரீகாந்த் விஷயத்துல உங்க பக்கம் வர்றேன். பேச்சு ஜாஸ்திங்கிறதுல வர மாட்டேன்.

பழைய_புத்தகக்கடை:
ஸ்ரீகாந்த் ஜெயகாந்தனுக்கு நல்ல சிநேகிதரும் கூட. அந்தப் பேச்சு வழக்கெல்லாம் வாய்ல சுலபமா வந்ததுக்கு அதுவும் காரணமா இருக்கும்னு என் ஊகம்.

டூரிங்டாக்கீஸ்:
லட்சுமி வாங்கினது தேசிய விருதா, மாநில விருதா?

பழைய_புத்தகக்கடை:
தேசிய விருது. 1976-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை. தமிழ்ப் படத்துல நடிச்சு அந்த விருதை முதல்ல வாங்கினவர் அவர்தான். அதுக்கு முன்னாடி தென்னிந்தியாவுல சாரதா ‘துலாபார’த்துக்கும் ‘ஸ்வயம்வர’த்துக்கும் வாங்கியிருந்தார், ரெண்டும் மலையாளம். கன்னடத்துல நந்தினி பக்தவத்சலா ‘காடு’ படத்துக்கு.

வடகரை:
நாகேஷைப் பத்தி யாரும் ஒண்ணும் எழுதலையே!

ஜெயகாந்தனுக்கும் நாகேஷுக்கும் பழைய கணக்கு உண்டு. 1966-ல் ‘யாருக்காக அழுதான்’ படத்தை ஜெயகாந்தனே இயக்கினப்போ திருட்டுமுழி ஜோசப்பா நடிச்சது நாகேஷ். நாகேஷ்ன்னா ஒரு கையைக் காலைத் தூக்கினாலே தியேட்டர் சிரிக்கும்ங்கிற காலம் அது. ‘திருவிளையாடல்’ தருமி வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். அந்த ஆளைப் போட்டு வாயே திறக்காத, அடி வாங்குற, அழத் தெரியாத ஒருத்தனா எடுத்தார். படம் ஓடலை. பிறகு பத்து வருஷம் கழிச்சு தன் சாயல்ல இருக்கிற எழுத்தாளர் வேஷத்துக்கு மறுபடி அவரையேதான் கூப்பிடுறாங்க. மீசையும் கம்பீரமுமா ஒரு ஆளைப் போட்டு ஜெயகாந்தன் மாதிரியே பேச விட்டிருக்கலாம். அப்படிச் செய்யலை. கங்கா முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஆர்.கே.வி.கிட்ட ஒரு சங்கடம் இருக்கு பாருங்க, அடுத்தவங்க வாழ்க்கையைக் கதையாக்கிக் காசு பார்த்தவனோட சங்கடம், அது நாகேஷ் உடம்புலேயே இருந்துச்சு. கம்பீரமான எழுத்தாளர் யாராவது நடிச்சிருந்தா அந்தக் காட்சி சொற்பொழிவாப் போயிருக்கும்.

நடுநிசிவாசகன்:
ஆமா! அந்த இடத்தை நானும் ரசிச்சேன். எழுத்தாளன் கதையில அம்மாவை நல்லவளா மாத்தி எழுதினதால நிஜ அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு அவனுக்குத் தெரியாது. கங்காவோட அம்மா கனகம் அந்தக் கதையைக் கேட்டுட்டு, நாம இப்படிச் செஞ்சிருக்கலாமேன்னு நொந்து போறா. படத்துல கனகமா வர்றது சுந்தரிபாய். கொத்தமங்கலம் சுப்பு மனைவி. ஜெமினி படங்கள்ல வாய்க்காரியா, வம்புக்காரியா பேர் வாங்கினவங்க. ‘சந்திரலேகா’ பார்த்திருக்கீங்கல்ல? அந்தக் கூர்மையான நாக்கை வச்சுக்கிட்டு இதுல தன் வாயாலதான் பொண்ணு வாழ்க்கை போச்சுன்னு தெரிஞ்ச அம்மா. ஒரு தடவை கத்தினதுக்கு ஆயுசு பூரா அடங்கி உட்கார்ந்திருக்கிற முகம்.

ரேவதி_திருச்சி:
சுந்தரிபாயை எழுத நினைத்து விட்டுப்போனது. நன்றி.

ஈசிச்சேர்:
அப்ப இதையும் சொல்லிடுங்க. பாட்டு.

நடுநிசிவாசகன்:
பாட்டுல உங்களுக்குக் குறை இருக்க முடியாது. எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. ‘கண்டதைச் சொல்லுகிறேன்’ அவரே பாடினது, ‘வேறு இடம் தேடிப் போவாளோ’ வாணி ஜெயராம். ரெண்டும் எழுதினது ஜெயகாந்தன். சினிமாப் பாட்டு எழுதுறவரே கிடையாது அவர். கதைக்குள்ள சொல்ல முடியாம மிச்சம் இருந்ததைப் பாட்டுல நேரா நம்மகிட்டயே சொல்லிட்டுப் போறார். முதல் பாட்டுல நம்மளைத்தான் திட்டுறார்னு எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆச்சு. கண்ணதாசன் இருந்த காலத்துல விஸ்வநாதன்கிட்ட இந்த மாதிரி வரிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு துணிச்சல் வேணும். அதுக்கு மெட்டுப் போட அதை விடத் துணிச்சல் வேணும்.

கோவை_குசும்பன்:
எங்க தாத்தா அந்த முதல் பாட்டைப் பல் விளக்கறப்பப் பாடுவாருங். நான் பக்திப் பாட்டுன்னே நெனச்சுட்டு இருந்தனுங்.

டூரிங்டாக்கீஸ்:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க, நேத்துதான் நாவலை வாங்கி ஆரம்பிச்சிருக்கேன். கங்கா ஆர்.கே.வி.யைப் பார்க்கிற இடத்துக்கே இன்னும் வரலை. முடிவைத் தயவுசெய்து யாரும் சொல்லிடாதீங்க.

பழைய_புத்தகக்கடை:
சொல்லலை தம்பி. முடிச்சதும் ‘கங்கை எங்கே போகிறாள்’னு தொடர்ச்சி நாவல் இருக்கு, அதையும் எடுத்து வச்சுக்கோ.

டூரிங்டாக்கீஸ்:
பேர்லேயே பாதி முடிவைச் சொல்லிட்டீங்களே அண்ணே!

மேலவீதி:
பீம்சிங் பத்தி ஒரு விஷயம் சொல்லியாகணும், இழையை ஆரம்பிச்சதுக்கே அவர்தான் காரணம். ‘ப’ வரிசை பீம்சிங்னு சொல்லிச் சொல்லி அவரைச் சிவாஜி படங்களோட மூடி வச்சிட்டோம். பதிபக்தி, பாகப்பிரிவினை, படித்தால் மட்டும் போதுமா, பார் மகளே பார். எல்லாத்துலயும் உணர்ச்சி அணை உடைச்சு ஓடும். அண்ணன் தங்கைன்னா தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சுற சத்தம் கேட்கும். ‘ஆலயமணி’யை ஹிந்தியில திலீப்குமாரை வச்சு ‘ஆத்மி’ன்னு எடுத்தார். மலையாளத்துல ‘ராகம்’ மாதிரிப் படங்கள் எடுத்தார். இப்படி எல்லாம் பார்த்து முடிச்ச ஒருத்தர், கடைசிக் காலத்துல வந்து, அழுகையை எங்கெல்லாம் அடக்கலாம்னு தேடித்தேடி ஒரு படம் எடுக்கிறார். இதே கதையை 1962-ல் அவர்கிட்டக் கொடுத்திருந்தா அம்மா காலில் கங்கா விழுந்து, அண்ணன் ஓடி வந்து கட்டிப்பிடிச்சு, ஒரு பி.சுசீலா பாட்டோட முடிஞ்சிருக்கும். இதுல அண்ணன் வர்றான், பேசுறான், போறான். ஒண்ணும் ஒட்டலை. குடும்பம்னா ஒட்டியே தீரணும்னு இருபது வருஷம் படம் எடுத்தவர் அதை ஒட்டாமலேயே விட்டது எனக்குப் பெரிய விஷயம்.

1978 ஜனவரியில் இறந்துட்டார். இந்தப் படத்துக்குப் பிறகு அவர் எடுத்தது ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’, அதுவும் ஜெயகாந்தன் நாவல், அதே லட்சுமி, ஸ்ரீகாந்த், நாகேஷ். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா இந்தப் பக்கமே போயிருப்பாரோ என்னவோ. அவர் பிள்ளை லெனின் எடிட்டரா என்ன செஞ்சார்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ‘உதிரிப்பூக்க’ளைத் தொகுத்தவர் அவர்.

வடகரை:
உதிரிப்பூக்கள் பேச்சு வந்ததால கேட்கிறேன். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை மகேந்திரன் அந்தப் படமா எடுத்துக்கிட்ட விதத்தையும் இதையும் வச்சுப் பார்த்தா, நாவலை எப்படிப் படமாக்கணும்? மகேந்திரன் ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததெல்லாம் தன்னோடதா ஆக்கிட்டார். ‘முள்ளும் மலரும்’ படத்துல உமாசந்திரன் நாவலை அவர் எவ்வளவு மாத்தினார்னு படிச்சவங்களுக்குத் தெரியும். இங்க எழுத்தாளரே வசனம் எழுதுறதால ஒரு வரியைக்கூட வெட்ட மனசு வரலை. ஈசிச்சேர் சார் சொல்ற பேச்சு ஜாஸ்திங்கிற குறை அங்கேர்ந்துதான் வருது. அதை மறுக்கவும் வேண்டாம்.

ஈசிச்சேர்:
அப்பாடா. ஒருத்தராவது.

மேலவீதி:
மறுக்கலை. சில காட்சிகள் நீளம். ஆபீஸ் பக்கம் வர்றதெல்லாம் வேகமாப் போகலாம். ஆனா மகேந்திரன் வழிதான் ஒரே வழின்னு ஆனது நமக்கு நல்லதா? பேசாம இருக்கிறதுதான் கலைன்னு ஒரு தீர்ப்பு எழுதி வச்சிட்டோம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பிராமணக் குடும்பத்துல கொலையே பேச்சாலதான் நடக்கும். யாரும் கையை ஓங்க மாட்டாங்க. தர்மம், சாஸ்திரம், ‘உன் நல்லதுக்குத்தான்’னு சொல்லிச் சொல்லியே ஒரு பொண்ணை முடிச்சிடுவாங்க. அதைப் பேசாம எப்படிக் காட்டுறது? வெங்கு மாமா வாயை மூடிட்டா அவர்கிட்ட ஆயுதமே இல்ல.

ரேவதி_திருச்சி:
இதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று: படத்தில் மிகவும் குறைவாகப் பேசுகிறவள் கங்கா. எல்லோரும் அவளைப் பற்றி அவள் முன்னாலேயே பேசுகிறார்கள். ஈசிச்சேர் சார் மறுபடியும் பார்த்தால் அந்தக் கணக்கில் பாருங்கள், யார் பேசுகிறார்கள், யார் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று. அவள் வாய் திறக்கும்போது மற்றவர்களுக்குப் பதில் இருப்பதில்லை.

பழைய_புத்தகக்கடை:
நல்ல பிரிண்ட் எங்கேயாவது இருக்கா யாருக்காவது தெரியுமா? நான் பார்த்தது தூர்தர்ஷன்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாநில மொழிப் படம் போடுவாங்களே அதுல. கீழே இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் எங்க வீட்டுல வந்து உட்கார்ந்து முழுசாப் பார்த்தார். இப்ப இணையத்துல கிடைக்கிறது வெளுத்துப் போய் இருக்கு, முகமே தெரியலை. லட்சுமி முகம் தெரியாம இந்தப் படத்தைப் பார்த்து என்ன பிரயோஜனம்?

நடுநிசிவாசகன்:
அதுதான் பெரிய கொடுமை. கறுப்பு வெள்ளைப் படத்துல சாம்பல் நிறம் போச்சுன்னா எல்லாம் போச்சு. சிவாஜி படம், எம்.ஜி.ஆர். படம்னா டிஜிட்டல் பண்ணி மறுபடி தியேட்டர்ல விடுறாங்க, கட்அவுட் வைக்கிறாங்க. ‘கர்ணன்’ 2012-ல் அப்படி ஓடின ஓட்டம் தெரியும்ல. இந்த மாதிரிப் படத்துக்கு யார் செலவு பண்ணுவாங்க? ஜெயகாந்தனோட ‘உன்னைப்போல் ஒருவன்’ தேசிய அளவுல பரிசு வாங்கின படம், 1965. அதைப் பார்த்தேன்னு சொல்ற ஒரு ஆளைக்கூட நான் என் வயசுக்காரங்கள்ல சந்திச்சதில்ல. அந்தப் பேர்லயும் கமல் படம் வந்து உட்கார்ந்துடுச்சு.

கோவை_குசும்பன்:
ஜெயகாந்தன் வெக்கற பேரெல்லாம் நல்லா இருக்குதுங், அதான் பிரச்சினை. ‘யாருக்காக அழுதான்’ மட்டும் இன்னும் யாரும் எடுக்கலீங், பதிவு பண்ணி வெச்சுக்கலாமுங்.

டூரிங்டாக்கீஸ்:
நாவல் முடிச்சிட்டேன், படமும் பார்த்துட்டேன். பிரிண்ட் மோசம்தான், ஆனா பார்க்க முடியாத அளவுக்கு இல்ல. ரெண்டு விஷயம்.

ஒண்ணு, எல்லாரும் லட்சுமி, ஸ்ரீகாந்த்ன்னு பேசுறீங்க, மஞ்சுவை விட்டுட்டீங்க. பிரபுவோட பொண்ணு. கங்காவுக்கு அது நடந்தப்போ என்ன வயசோ, கிட்டத்தட்ட அந்த வயசு. அந்தப் பொண்ணுகூட கங்கா பழகுற இடங்கள்லதான் எனக்குத் தொண்டை அடைச்சுது. அப்பனுக்கு அந்தப் பொண்ணைப் பார்க்கும்போதெல்லாம் தான் செஞ்சது தெரியணும். யாரும் அதைச் சொல்லலை, ஆனா தெரியுது.

ரெண்டு, எங்க அக்காவையும் உட்கார வச்சுப் பார்த்தேன். பாதியில எழுந்து, இந்தக் கதையில போலீஸே ஏன் வரலைன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை.

ரேவதி_திருச்சி:
அக்கா சரியாகத்தான் கேட்டிருக்கிறாள், தம்பி. அந்த வீட்டில் ஒருவருக்குக்கூட அது ஒரு குற்றம், புகார் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மாமா ஒரு வக்கீல் வேறு! சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அவர் மனுதர்மத்தை எடுத்துப் பேசுகிறார். ஜெயகாந்தன் அதை வேண்டுமென்றே அப்படி வைத்தாரா அல்லது அவருக்கும் தோன்றவில்லையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அக்காவை இங்கே எழுதச் சொல்லுங்கள்.

டூரிங்டாக்கீஸ்:
சொல்றேன் அக்கா. அவளுக்குப் பிரபு மேல உள்ள கோபம் அடங்க ரெண்டு நாளாகும்.

வடகரை:
அடுத்து ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ படத்துக்கு ஒரு இழை வேணும். எம்.பி.ஸ்ரீநிவாசன் இசைக்காகவே பேசலாம். யார் ஆரம்பிக்கிறீங்க?

மேலவீதி:
ஈசிச்சேர் சார்தான் ஆரம்பிக்கணும். இவ்வளவு குறை சொல்லிக்கிட்டே ஒரு பதிவு விடாம வந்துட்டிருக்கார்.

ஈசிச்சேர்:
ஆரம்பிக்கிறேன். அதுவும் பேச்சுப் படம்தான்னு முதல் வரியிலேயே எழுதுவேன், யாரும் சண்டைக்கு வரக்கூடாது.